பார்வையற்ற நான் தனியாக ஓட்டுப் போட முடியாதா?

வட மாவட்டப் பேரூராட்சி ஒன்றிலிருந்து 34 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். இருபது வயதில் பார்வையை முழுவதுமாக இழந்தவர். தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறார். கைப்பேசியைத் திரைவாசிப்பானோடு தடையின்றிக் கையாளுகிறார். பிரெய்ல் தெரியும், வேகமாக வாசிக்க வராது. கடந்த தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர், "கண் தெரியாதவங்க தனியா போடக் கூடாதும்மா, யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். கொழுந்தன் உடன் போனார். வெளியே வந்ததும், "எல்லாம் நம்ம ஆளுக்குத்தான் அண்ணி" என்று அவர் சிரித்தது இன்றுவரை இவருக்கு உறுத்துகிறது. தான் சொன்ன பெயருக்கு எதிரேதான் அழுத்தினாரா என்று தெரியவில்லை.

வீட்டில் 71 வயது மாமியாரும் இருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த பக்கவாதத்தில் வலது கை, கால் செயலிழந்தன. பேச்சு குழறுகிறது, ஆனால் சொல்வதெல்லாம் புரிகிறது. அரசு மருத்துவமனை தந்த 60 சதவீத ஊனச் சான்று கையில் இருக்கிறது. "வீட்டிலிருந்தே ஓட்டுப் போட 85 வயசு ஆகணும்" என்கிறார் ஒருவர். "பேச முடியாதவங்க ஓட்டு செல்லாது" என்கிறார் இன்னொருவர். தேர்தல் நாளில் இருவரையும் ஆட்டோவில் அழைத்துப் போவதாகத் தெருவிலிருக்கும் கட்சிக்காரர் சொல்லியிருக்கிறார். கணவர் இருவருக்கும் துணையாக வருவதாக ஏற்பாடு. "போன ஓட்டுக்கு ஏதாவது செய்ய முடியுமா? இந்த முறை நானே போட வழி உண்டா? அத்தைக்கு என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் மனதுக்குக் கஷ்டமான பதிலைச் சொல்லிவிடுகிறேன். போன தேர்தலில் பதிவான ஓட்டைத் திரும்பப் பெறவோ, அது யாருக்கு விழுந்தது என்று கண்டுபிடிக்கவோ வழி கிடையாது. யார் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பது தெரியாதபடிதான் இயந்திரமே அமைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் கொழுந்தன் நீங்கள் சொன்னபடியே அழுத்தியும் இருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பு தவறு. உடன் வருபவர், வாக்காளரின் ஓட்டை இரகசியமாக வைத்திருப்பேன் என்று உறுதிமொழி தந்துதான் உள்ளே போகிறார். யாருக்குப் போட்டோம் என்பதை விளையாட்டாகச் சொன்னாலும் அந்த உறுதிமொழியை மீறியதாகும்.

அதைவிட எனக்கு வருத்தம் தருவது, தலைமை அலுவலர் உங்களிடம் சொன்ன அந்த ஒரு வரி. அது சட்டத்தில் இல்லாத வரி.

துணை என்பது உங்கள் உரிமை, கட்டாயம் அல்ல

தேர்தல் நடத்தை விதிகள், 1961-இன் 49என் விதிதான் இதற்கு அடிப்படை. பார்வையின்மையாலோ வேறு உடல் குறைபாட்டாலோ ஒரு வாக்காளரால் சின்னத்தை அறியவோ, உதவியின்றிப் பொத்தானை அழுத்தவோ முடியவில்லை என்று தலைமை அலுவலருக்குத் திருப்தி ஏற்பட்டால், துணைக்கு ஒருவரை வாக்களிக்கும் மறைவிடம் வரை அழைத்துச் செல்ல அவர் அனுமதிக்க வேண்டும். முடியாதவருக்கு உதவ வந்த விதி இது. முடியும் என்பவரைத் தடுக்க இதில் ஒரு சொல்லும் கிடையாது. "நானே போடுகிறேன்" என்று நீங்கள் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது.

துணைக்கு அழைத்துப் போவதாக இருந்தாலும், யாரை என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். உறவினராக இருக்க வேண்டும் என்று விதி கேட்கவில்லை. உங்கள் தோழியோ, அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவரோ வரலாம். வாக்குச்சாவடி ஊழியர்கள் துணையாக வரக் கூடாது. அங்கே உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர் "நான் வர்றேம்மா" என்று எழுந்தால், வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள். துணையாக வருபவரின் பெயர், முகவரி, கையெழுத்து ஆகியவை படிவம் 14ஏ-யில் பதிவாகும்.

உங்கள் வீட்டு ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருப்பதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில், எந்த வாக்குச்சாவடியிலும், ஒருவர் ஒரு வாக்காளருக்கு மட்டுமே துணையாக இருக்கலாம். வேறு யாருக்கும் இன்று துணையாகப் போகவில்லை என்றும் அவர் உறுதிமொழி தர வேண்டும். அதனால் உங்கள் கணவர் அம்மாவுக்கும் உங்களுக்கும் சேர்த்து மறைவிடத்துக்குள் வர முடியாது. பல குடும்பங்கள் இதைச் சாவடிக்கு வந்த பிறகுதான் அறிகின்றன. அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருவர் துணையாகிவிடுகிறார். போன முறை போன்ற மனக்கசப்புகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

கை பிடித்து வாசல் தாண்டி, வரிசை தாண்டி அழைத்து வருவது வேறு விஷயம். மறைவிடத்தின் அருகே வரை கணவர் உங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு விலகி நின்றால் அது 49என் துணை ஆகாது.

தனியாகப் போடுவது எப்படி

2009 மக்களவைத் தேர்தல் முதல் நாடு முழுவதும் வாக்குப்பதிவு இயந்திரங்களில் பிரெய்ல் எண்கள் இருக்கின்றன. நீல நிறப் பொத்தான்களை ஒட்டி, வலது ஓரத்தில் 1 முதல் 16 வரை புடைப்பாக இருக்கும். எண்கள் மட்டும்தான், பெயர் இருக்காது. பெயருக்காகத் தனியே பிரெய்லில் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டு ஒன்று தலைமை அலுவலரிடம் இருக்கும். அதை நீங்களாகக் கேட்க வேண்டும். கேட்காதவர்களுக்கு அது மேசையின் உறைக்குள்ளேயே கிடந்துவிடும்.

நீங்கள் மெதுவாக வாசிப்பவர் என்பதால், சாவடிக்குப் போய்த்தான் எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலையை வைத்துக்கொள்ளாதீர்கள். வேட்புமனுவைத் திரும்பப் பெறும் நாள் முடிந்ததும் இறுதி வேட்பாளர் பட்டியல் வரிசை எண்ணோடு வெளியாகிவிடும். அதைக் கைப்பேசியில் கேட்டு, நீங்கள் விரும்பும் வேட்பாளரின் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட தேசிய, மாநிலக் கட்சிகளின் வேட்பாளர்கள் முதலில் வருவார்கள். பதிவு மட்டும் செய்த கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் அதற்கும் பின். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பெயர்கள் அகரவரிசையில் இருக்கும். எல்லாருக்கும் கடைசியாக நோட்டா. சாவடியில் கிடைக்கும் பிரெய்ல் தாளை, மனதில் இருக்கும் எண் சரிதானா என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டு நிமிடம் ஆனால் ஆகட்டும். வரிசையில் நிற்பவர்களின் அவசரம் உங்கள் பொறுப்பு அல்ல.

உள்ளே போகும் முன் தலைமை அலுவலரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எத்தனை இயந்திரம் வைத்திருக்கிறீர்கள்?" ஓர் இயந்திரத்தில் நோட்டாவையும் சேர்த்து 16 பொத்தான்கள்தான். வேட்பாளர்கள் 15-க்கு மேல் போனால் இரண்டாவது இயந்திரம் வந்துவிடும். அப்போது 19-ஆம் எண் வேட்பாளருக்குரியது இரண்டாவது இயந்திரத்தின் மூன்றாவது பொத்தான். இடது பக்கத்தில் இருப்பது முதலாவதா இரண்டாவதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தனியாகப் போடும் பார்வையற்றவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுதான், எண்ணை வாசிப்பதில் அல்ல. பயன்படாத பொத்தான்களை மூடி வைத்திருப்பார்கள். அதனால் விரலுக்குத் தட்டுப்படும் திறந்த பொத்தான்களை மேலிருந்து எண்ணிக்கொண்டே வரலாம். பிரெய்ல் எண்ணும் உங்கள் எண்ணிக்கையும் ஒத்துப்போனால் அழுத்துங்கள்.

இயந்திரம் தயாரானதும் பச்சை விளக்கு எரியும். அது உங்களுக்குத் தெரியாது என்பதால், "தயாரானதும் வாயால் சொல்லுங்கள்" என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பொத்தானை நன்றாக அழுத்தி, நீண்ட பீப் ஒலி கேட்கும்வரை அங்கேயே நில்லுங்கள். ஓட்டு யாருக்கு விழுந்தது என்று காட்டும் விவிபாட் இயந்திரத்தில் அச்சான சீட்டு ஏழு விநாடிகள் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழும். அதனால் ஒலி வரக் கொஞ்சம் தாமதமாகும். ஒலி வரவில்லையே என்று பதற்றத்தில் மறுபடி அழுத்திவிட்டாலும் ஓட்டு செல்லாமல் போகாது. முதல் அழுத்தம் மட்டுமே பதிவாகும்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சீட்டு கண்ணால் மட்டும் பார்க்கக்கூடியது, குரலில் சொல்லாது. தனியாகப் போடும்போது, பார்வையுள்ள வாக்காளர் செய்வதுபோல் உங்களால் சீட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ள முடியாது. துணை இருந்தால் அவர் பார்த்துச் சொல்வார், ஆனால் இரகசியம் உங்களோடு நிற்காது. இரண்டில் எது வேண்டும் என்பது உங்கள் முடிவு. உங்கள் கடிதத்தைப் படித்தவரை, தனியாகப் போடுவதே உங்களுக்கு நிம்மதி தரும் என்று நினைக்கிறேன். பார்வையற்றோருக்கும் சரிபார்க்கும் வசதி வேண்டும் என்று கேட்பது முற்றிலும் நியாயம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 11-ஆவது பிரிவு, எல்லா வாக்குச்சாவடிகளும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும், தேர்தல் தொடர்பான எல்லாப் பொருள்களும் மாற்றுத்திறனாளிகளுக்குப் புரியும்படியும் எட்டும்படியும் இருக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையத்துக்கும் மாநிலத் தேர்தல் ஆணையங்களுக்கும் கடமை விதிக்கிறது.

மாமியாரின் ஓட்டு

வீட்டில் இருப்பவர்கள் சொன்ன இரண்டுமே தவறு.

85 வயது என்பது மூத்த குடிமக்களுக்கான வரம்பு. முன்பு 80 ஆக இருந்தது, 2024 மார்ச்சில் 85 ஆனது. மாற்றுத்திறனாளிக்கு வயது வரம்பே கிடையாது. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஊனச் சான்று இருந்தால், வீட்டிலிருந்தே தபால் வாக்குச்சீட்டில் வாக்களிக்க விண்ணப்பிக்கலாம். அவரிடம் 60 சதவீதச் சான்று இருக்கிறது.

பேச முடியாதது ஓட்டுரிமையைப் பறிக்காது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950-இன் 16-ஆவது பிரிவின்படி, மனநிலை சரியில்லை என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்திருந்தால் மட்டுமே அந்தக் காரணத்துக்காகப் பெயரைச் சேர்க்க மறுக்க முடியும். மருத்துவர் எழுதித் தந்தால்கூடப் போதாது. வீட்டில் உள்ளவர்கள் தீர்மானிப்பது கணக்கிலேயே வராது. உங்கள் மாமியாருக்கோ புரிதலில் ஒரு குறையும் இல்லை. இடது கையால் சுட்டிக் காட்டினாலும் அது அவருடைய முடிவுதான்.

ஆனால் வீட்டு ஓட்டு தானாக வந்துவிடாது. வாக்காளர் பட்டியலின் தரவுத்தளத்தில் அவர் மாற்றுத்திறனாளி என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். கையில் சான்று இருந்தும் பட்டியலில் குறிப்பு இல்லாததால் பலருக்கு இந்த வாய்ப்பு நழுவுகிறது. அதற்குப் படிவம் 8. வாக்காளர் சேவை இணையதளத்திலோ, மாற்றுத்திறனாளி வாக்காளர்களுக்கான சக்ஷம் செயலியிலோ நீங்களே நிரப்பலாம், அல்லது உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் தாளில் கொடுக்கலாம். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் கைவைக்க முடியாது. விசாரணைக்கும் நாள் பிடிக்கும் என்பதால் இதை இந்த வாரமே செய்யுங்கள். உங்கள் பெயருக்கும் சேர்த்தே செய்துவிடுங்கள்.

அடுத்தது, வீட்டிலிருந்து தபால் ஓட்டுப் போட விண்ணப்பிக்கும் படிவம் 12டி. தேர்தல் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து ஐந்து நாள்களுக்குள் இது தேர்தல் நடத்தும் அலுவலரைச் சென்றடைய வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து தந்து, நிரப்பியதை அவரே வாங்கிப் போவார். சான்றின் நகலை இணையுங்கள். தேதிகளில் குழம்பிவிடாதீர்கள். தொலைக்காட்சியில் தேர்தல் தேதியை அறிவிப்பது ஒரு நாள், அரசிதழில் அறிவிக்கை வருவது வேறு நாள். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்குத் தேதி அறிவிப்பு மார்ச் 16, அறிவிக்கை மார்ச் 20, வாக்குப்பதிவு ஏப்ரல் 19. வாக்குப்பதிவுக்கு மூன்று வாரத்துக்கும் மேல் இருக்கும்போதே விண்ணப்பிக்கும் காலம் முடிந்துபோனது. பிரசாரம் சூடுபிடித்த பிறகு யோசிப்பவர்களுக்கு இந்தக் கதவு திறந்திருக்காது.

விண்ணப்பம் ஏற்கப்பட்டால், எந்த நாளில் வருவார்கள் என்று முன்கூட்டியே தகவல் வரும். தேர்தல் அலுவலர்கள், ஒளிப்பதிவாளர், காவலர் என்று குழுவாக வருவார்கள். வேட்பாளர்களுக்கும் அந்த அட்டவணை தெரிவிக்கப்படும் என்பதால் அவர்களின் பிரதிநிதி உடன் வரக்கூடும். குழு வருவதை அவர் பார்க்கலாம், ஓட்டுப் போடுவதைப் பார்க்கக் கூடாது. ஒளிப்பதிவும் அப்படித்தான். மறைப்பு வைக்கச் சொல்லுங்கள், வீட்டிலுள்ள மற்றவர்கள் அந்த நேரம் வேறு அறையில் இருக்கட்டும். காகிதச் சீட்டில் பேனாவால் குறியிட வேண்டும். மாமியார் இடது கையால் ஒரு வேட்பாளருக்கு எதிரே மட்டும் தெளிவாகக் குறியிடப் பழகிக்கொண்டால் யாருடைய துணையும் வேண்டாம். உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ இட்டு, அதை அலுவலர் சான்றளித்தாரா என்று கவனியுங்கள். உள்ளுறையில் வாக்குச்சீட்டு, வெளியுறையில் உள்ளுறையும் உறுதிமொழியும். தபால் ஓட்டுகள் தள்ளுபடியாவது பெரும்பாலும் இந்த உறுதிமொழியில் வரும் குறைகளால்தான்.

விண்ணப்பிக்கும் முன் வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீட்டு ஓட்டுக்கு அனுமதி கிடைத்ததும் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே தபால் ஓட்டு என்று குறித்துவிடுவார்கள். அதன்பின் சாவடிக்குப் போய்ப் போட முடியாது. முதல் முறை வரும்போது வீட்டில் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள். அப்போதும் இல்லையென்றால் அந்தத் தேர்தலில் அவருக்கு ஓட்டே இல்லை. அந்த வாரத்தில் பிசியோதெரபிக்கோ, உறவினர் வீட்டுக்கோ வெளியூர் போவதாக இருந்தால் கவனம் தேவை.

இதே வசதி உங்களுக்கும் உண்டு. இருந்தும் உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டுக்கு வருவது மையில் அச்சிட்ட காகிதச் சீட்டு. அதில் தடவிப் பார்க்கப் பொத்தானும் இல்லை, பிரெய்ல் எண்ணும் இல்லை. வேறொருவர் கையால்தான் குறியிட வேண்டிவரும். நீங்கள் கேட்கும் தனிமை சாவடியில்தான் கிடைக்கும். மாமியாருக்கு வீடு, உங்களுக்குச் சாவடி என்று பிரித்துக்கொண்டால் கணவர் யாருக்குத் துணை என்ற சிக்கலும் தானாகத் தீரும்.

ஆட்டோவும் சாவடி நாளும்

வாக்காளர்களைச் சாவடிக்கு இலவசமாக ஏற்றிச் செல்ல வேட்பாளரோ அவர் தரப்போ வாகனம் அமர்த்துவது, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 123(5)-இன்படி முறைகேடான செயல். 133-ஆவது பிரிவில் மூன்று மாதம் வரை சிறையும் அபராதமும் உண்டு. ஏறிப் போகும் உங்களுக்கு அந்தப் பிரிவில் தண்டனை இல்லை. ஆனாலும் அந்த வண்டியில் போய் இறங்கினால், துணைக்கு யார் வருவது என்பதிலும் அவர்கள் கை நீளும். உங்கள் தெருவில் இது வெளிப்படையாக நடந்தால் தேர்தல் விதிமீறல்களைப் புகார் செய்யும் சி-விஜில் செயலியில் படம் அல்லது காணொளியோடு புகார் தரலாம். புகாரை 100 நிமிடத்துக்குள் கையாள வேண்டும் என்பது அதன் நடைமுறை. போக்குவரத்துக்குச் சக்ஷம் செயலியிலோ 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணிலோ முன்பே கோரிக்கை பதியுங்கள். சக்கர நாற்காலியும் அதே வழியில் கேட்கலாம். சாவடியில் வரிசையில் நிற்கத் தேவையில்லை, மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை உண்டு. வாக்காளர் அட்டை தொலைந்திருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையும் ஏற்கப்படும் ஆவணங்களில் ஒன்று.

நான் சொன்ன விதிகள் மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களுக்கானவை. உள்ளாட்சித் தேர்தலை மாநிலத் தேர்தல் ஆணையம் வேறு விதிகளின்படி நடத்துகிறது. கிராம ஊராட்சிகளில் வாக்குச்சீட்டு முறைதான். அந்தத் தேர்தலுக்கும் இதே ஏற்பாடு இருக்கும் என்று எண்ணிவிடாமல் தனியாக விசாரியுங்கள்.

மறுபடியும் ஓர் அலுவலர் "தனியா போடக் கூடாது" என்றால் வாக்குவாதம் வேண்டாம், வெளியே வந்துவிடவும் வேண்டாம். "49என் விதி துணையை அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. பிரெய்ல் மாதிரிச் சீட்டைக் கொடுங்கள்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால், பல சாவடிகளை மேற்பார்க்கும் மண்டல அலுவலரைக் கைப்பேசியில் அழைக்கச் சொல்லுங்கள். சாவடிக்குள் உங்கள் கைப்பேசியை எடுத்துப் போக முடியாது என்பதால், 1950-க்குப் பேசுவதற்காகக் கணவரின் கைப்பேசியோடு ஒருவர் 100 மீட்டர் எல்லைக்கு வெளியே இருக்கட்டும். மறுத்தவரின் பதவி, சாவடி எண், நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு, அன்றே தேர்தல் நடத்தும் அலுவலருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். இதெல்லாம் தேவைப்படாமல் போக ஒரு வழி இருக்கிறது. வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பே, "இந்தச் சாவடியில், இந்த வரிசை எண்ணில் உள்ள பார்வையற்ற வாக்காளரான நான் துணையின்றி வாக்களிக்க இருக்கிறேன், பிரெய்ல் மாதிரி வாக்குச்சீட்டு தேவை" என்று தேர்தல் நடத்தும் அலுவலருக்கு ஒரு கடிதம் அனுப்பி, ஒப்புகையோடு அதன் நகலைச் சாவடிக்குக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.